எண்ணெய் டின்னுக்கு அடியில் இருந்த வட்டத்தாள்

பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்ததும் அவள் அதைப் பாத்திரத்தில் கவிழ்ப்பதில்லை. வெட்டிய ஓரத்தை முதலில் மூக்கருகே கொண்டுபோவாள். கண்ணை மூடமாட்டாள், முகத்தைச் சுளிக்கமாட்டாள். ஒரு மூச்சு இழுப்பாள், அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் பால் பாத்திரத்துக்குள் போகும். கல்யாணமான இரண்டாம் நாளிலிருந்து இதைப் பார்த்துவரும் அவள் கணவன் இருபத்திரண்டு வருடமாக ஒரே கிண்டலைத்தான் செய்துவருகிறான்.

"என்ன, பால் என்ன சொல்லுது? சௌக்கியமாமா?"

அவள் பதில் சொல்லமாட்டாள். பால் சௌக்கியமாக இல்லாத நாளில் மட்டும் பாக்கெட்டை அப்படியே தொட்டியில் ஊற்றிவிடுவாள். அன்றைக்கு அவனுக்கு வெறும் கறுப்புக் காப்பி. அவனும் வாயை மூடிக்கொண்டு குடித்துவிடுவான். ஏனென்றால் அவள் பால் பண்ணையில் வேலை பார்ப்பவள். வெள்ளையாக இருப்பதெல்லாம் பால் என்று நம்புகிறவர்களில் ஒருத்தி அல்ல.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா படுத்த படுக்கையானபோது வீட்டில் யாராவது ஒருத்தர் நிற்க வேண்டியிருந்தது, மூத்தவள் அவள்தான். தன்னைவிட எட்டு வயது சின்னவளான தங்கையைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பி வருவாள். அந்தக் காலத்திலிருந்தே அதிகம் பேசமாட்டாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் அவள் குரல் தொண்டையிலேயே தங்கிவிடும். பண்ணையில் கேலி செய்வார்கள்: "வாயில என்ன முத்தா வெச்சிருக்கீங்க, தொறந்தா உதிர்ந்திடுமா?" அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். பேசாதவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. அவர்கள் கண் சும்மா இருப்பதில்லை.

பத்தொன்பது வருடமாக அவள் வேலை, பச்சைப்பால் டேங்கைக் கழுவுவது. ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த பால் முதலில் வந்து விழும் பெரிய எவர்சில்வர் தொட்டி அது. அங்கே குளிர்ந்து நின்று, பிறகு சூடாக்கும் இயந்திரத்துக்குப் போகும். முட்டிவரை ரப்பர் பூட்ஸ், தலைக்குத் தொப்பி, முகத்துக்குத் துணி, கையில் ஆள் உயரப் பிரஷ். காரத் தண்ணீர், அப்புறம் கொதிநீர், அப்புறம் பச்சைத் தண்ணீர். டேங்க் பளபளவென்று முகம் காட்டும். மற்றவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். அவள் குழாய் மூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை எடுத்து மடக்கி, மடிப்புக்குள் விரலை ஓட்டுவாள். வழவழப்பு இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அந்த வழவழப்புக்குள் குடியிருப்பது என்ன பெயருடையது என்று அவளுக்குத் தெரியாது. குடியிருக்கிறது என்று தெரியும். விரலையும் மூக்கில் வைத்துப் பார்ப்பாள். அதனால்தான் அங்கே அவளுக்கு 'மூக்கக்கா' என்று பெயர்.

சூப்பர்வைசருக்கும் ஒரு பெயர் உண்டு. அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'எழுபத்திரண்டு' என்பார்கள். எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரே பதில்தான். வண்டி வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டதா? கேனுக்குள் ஈ மிதந்ததா? குழாய் வளையம் தேய்ந்துவிட்டதா?

"எழுபத்திரண்டு டிகிரி, பதினஞ்சு செகண்ட். அந்தச் சூட்டைத் தாண்டி ஒரு கிருமி உயிரோட வெளிய வராது. போய் வேலையைப் பாருங்க."

பாவம் கழுவ ஒரு ஆறு கிடைத்த மாதிரி அவருக்கு அந்தச் சூடு. எந்த அழுக்கையும் அதில் இறக்கிவிடலாம், மறு கரையில் சுத்தமாக ஏறும். சூடு நல்லதுதான், அவளுக்கும் தெரியும். எத்தனையோ நோயை அது தடுத்திருக்கிறது. ஆனால் சூடு பின்னால் இருக்கிறது என்கிற தைரியத்தில் முன்னால் இருப்பவர்கள் கையைக் கழுவாமல் விட்டால் அதை என்னவென்று சொல்வது?

பச்சைப்பால் டேங்குக்கு ஒன்று, சூடாக்கும் இயந்திரத்துக்கு ஒன்று என்று அங்கே இரண்டு பெட்டிகள் உண்டு. கண்ணாடிக் கதவு போட்ட ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு வட்டத்தாள் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு சின்னப் பேனா முள் அதன்மேல் பாலின் சூட்டைக் கோடாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு தாள். நடுவில் தேதியும் டேங்க் எண்ணும் எழுதி, பொறுப்பில் இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். சூடாக்கும் இயந்திரத்தின் தாள் சாயங்காலம் கோப்பில் ஏறும், கோப்பு பீரோவில் ஏறும், பீரோ பூட்டப்படும். சோதனைக்கு வருகிறவர்கள் கேட்பது அதை மட்டும்தான். பச்சைப்பால் டேங்கின் தாளை இதுவரை ஒருவர் கேட்டதில்லை. அதிலும் தேதி எழுதுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், மறுநாள் காலையில் குப்பைக் கூடையில் போடுவார்கள். அதுதான் அந்தப் பண்ணையின் வழக்கம்.

கெட்டியான நல்ல தாள். வீணாகப் போகிறதே என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வாரத் தாள்களைக் கூடையிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொள்வாள். "குப்பைதானேக்கா, தாராளமா எடுத்துக்குங்க" என்பான் இயந்திரத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரியைத் துடைத்துப் பழைய தாள்களை எடுத்துவிட்டுப் புதிய வட்டங்களை விரிப்பாள். அதன்மேல் உப்பு ஜாடி, பருப்பு டப்பா, எண்ணெய் டின். விருந்தாளிகள் ஏதோ கோலம் போட்ட தாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் காலை ஆறு மணிக்கு உள்ளே நுழைந்தபோது குளிரூட்டும் கம்ப்ரசரின் சத்தம் இல்லை. பத்தொன்பது வருடமாகக் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றால் வீட்டில் கடிகாரம் நின்ற மாதிரி இருக்கும். முதல் டேங்கில் பால் நிறைந்து நின்றது. மெக்கானிக் வந்தார், பார்த்தார், சாமான் வேண்டும் என்று போனார், போனவர் போனவர்தான். கம்ப்ரசர் மறுபடி உறுமியபோது மத்தியானம் இரண்டைத் தாண்டிவிட்டது. எட்டு மணி நேரம். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது.

டேங்க் மூடியைத் தூக்கி ஒரு மூச்சு இழுத்தாள். புளித்துப் போகவில்லை. ஆனால் பழைய துணி மாதிரி ஒரு வாடை, இருக்கிறதோ இல்லையோ என்பது போல. அவளாகவே சூப்பர்வைசரிடம் போனது அதுதான் முதல் தடவை.

"ஐயா, முதல் டேங்குல வாசனை மாறியிருக்குங்க."

"அதுக்குள்ள மூக்கு வேலையை ஆரம்பிச்சாச்சா? உன் மூக்குக்கு இங்க தனிச் சம்பளம் கிடையாதும்மா."

"எட்டு மணி நேரம் நின்னுடுச்சுங்க…"

"சாயங்காலப் பால் வருது. அதோட கலந்து விட்டுட்டா புளிப்புக் கணக்கு சரியாயிடும். அப்புறம் எழுபத்திரண்டு. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல்வரை சுட்டது. பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அதைப் பற்றி அவள் பின்னாளில் யாரிடமும் சாக்குச் சொன்னதில்லை.

சாயங்காலம் கலந்தார்கள், சூடாக்கினார்கள், பாக்கெட்டில் அடைத்தார்கள். புதன்கிழமை மத்தியானம் அவள் தங்கை போன் செய்தாள்.

தங்கை ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. பதினோரு மணிக்கு நாற்பத்தாறு குழந்தைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுப்பது அவள் வேலை. அன்றைக்கு ஒரு மணிக்குள் முப்பத்தொரு குழந்தைகள் வாந்தி எடுத்திருந்தார்கள். வகுப்பறை, நடைபாதை, கைகழுவும் இடம் எங்கும். பெஞ்சில் படுக்க வைக்க இடம் போதாமல் தரையில் போட்டிருந்தார்கள். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் காய்ச்சினேன்க்கா. மூணு தடவை பொங்க விட்டேன். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே அடுப்பைத் தணிச்சுத் தணிச்சு மூணு தடவை."

"நல்லா… பொங்குச்சா?"

 தங்கை மெல்லக் கேட்டாள். "நீயுமா?"

போனை வைத்துவிட்டாள்.

தான் கேட்ட அந்த ஒரு கேள்வி அவளை நாள்கணக்கில் அரித்தது. ஊரே கேட்ட கேள்விதான் அது. காய்ச்சியிருந்தால் எப்படி வரும்? காய்ச்சவில்லை, சோம்பேறித்தனம், இப்போது பொய் வேறு சொல்கிறாள். தலைமை ஆசிரியை தங்கையைச் சமையலறைக்குள் வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தார். ஒரு குழந்தையின் அம்மா வாசலில் வைத்து அவள் கையைப் பிடித்து இழுத்து, விரல் நகங்களை எல்லோருக்கும் காட்டி, "பாருங்க, இந்தக் கையாலதான் கொடுத்திருக்கா" என்றாளாம். நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. அதை யார் பார்த்தார்கள்?

சுகாதார அலுவலகம் பள்ளியில் மிச்சமிருந்த உடைக்காத பாக்கெட்டுகளை எடுத்துப்போய்ச் சோதித்தது. நான்கு நாளில் முடிவு வந்தது: கெட்ட கிருமி எதுவும் உயிரோடு இல்லை. பால் சுத்தம். பண்ணையில் எழுபத்திரண்டின் முகத்தில் பூ பூத்தது. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் உரக்கவே சொன்னார்.

"நான்தான் சொன்னேன்ல? நம்ம பால்ல ஒண்ணும் கிடையாது. அந்தச் சமையல்காரம்மா காய்ச்சவும் இல்ல, கையும் கழுவல. ஒருத்தி செஞ்ச அலட்சியத்துக்கு நம்ம பேரு கெடுது பாருங்க!"

அந்தச் சமையல்காரி யாருடைய தங்கை என்று அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால்தானே தெரியும்? அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்துபோனாள்.   

பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண் பின்னாலேயே வந்தாள். படித்தவள், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது. கைகழுவும் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினாள்.

"அக்கா, அது உங்க தங்கச்சிதானே? ஒருநாள் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாங்களே, பார்த்திருக்கேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

"அவங்க காய்ச்சலன்னு சொல்றது அபாண்டம்க்கா. காய்ச்சியிருந்தாலும் இது வரும். பால் சூட்டுல நின்னா ஒருவகைக் கிருமி பெருகும். பெருகும்போது ஒரு விஷத்தைக் கக்கும். அப்புறம் நாம சூடு பண்ணினா கிருமி செத்துடும். விஷம் சாகாது. அதுக்கு உயிரே கிடையாதே, எப்படிச் சாகும்? எழுபத்திரண்டு டிகிரி அதை ஒண்ணும் செய்யாது. வீட்டுல அரை மணி நேரம் கொதிக்க வெச்சாலும் போகாது."

"சோதனையில ஒண்ணும் இல்லைன்னாங்களே, மேடம்?"

"உயிரோட கிருமி இருக்கான்னு பார்த்தாங்க. இல்லைதான். எல்லாம் நம்ம சூட்டுல செத்துப்போச்சே. விஷம் இருக்கான்னு பார்க்கிறது வேற சோதனை. அதை யாரும் கேட்கவே இல்ல. பால் எட்டு மணி நேரம் நின்னதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே கேட்பாங்க?"

"நீங்க சொல்லலாமே?"

அந்தப் பெண் குழாயையே பார்த்தாள். "நான் அன்னைக்கே எழுதிக் கொடுத்தேன்க்கா. கிழிச்சுப் போட்டுட்டார். இப்போ சொன்னா, ஆதாரம் எங்கேம்பாங்க. டேங்க் தாளைத்தான் மறுநாளே குப்பையில போட்டுடறாங்களே."

குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள். அவள் மட்டும் அங்கேயே நின்றாள். குப்பையில் போட்டுவிடுகிறார்கள். ஆமாம். குப்பையில் போட்டதை யார் எடுத்தது?

அன்றைக்கு வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் போய் அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்துத் தரையில் வைத்தாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கணவன் வந்து நிலையில் சாய்ந்துகொண்டான். வீட்டின் முன்னறையிலேயே துணி தைத்துக் கொடுப்பவன் அவன்.

"என்ன, எலியா?"

"தாள்."

ஆறு வட்டங்களில் கோடு நடுவை ஒட்டிச் சின்ன வளையமாக அடங்கிக் கிடந்தது. நான்கு டிகிரி, ஐந்து டிகிரி, குளிர்ந்த பால். ஏழாவது தாள் எண்ணெய் டின்னுக்கு அடியில் இருந்தது. அதில் கோடு காலை ஆறு மணிக்கு நடுவைவிட்டுக் கிளம்பி, வீங்கி வீங்கி வெளியே போய், முப்பத்திரண்டைத் தொட்டு, அங்கேயே நின்று, இரண்டு மணிக்கு மேல்தான் உள்ளே சரிந்திருந்தது. பானை வயிறு மாதிரி. நடுவில் தேதி. செவ்வாய்க்கிழமை. டேங்க் எண் ஒன்று. கீழே எழுபத்திரண்டின் கையெழுத்து, வாலை நீளமாக இழுத்துவிட்டு.

அதன் ஒரு பக்கத்தில் டின் உட்கார்ந்திருந்த இடம் முழுக்க எண்ணெய் ஊறி, தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாளாக இந்தத் தாளின் மேலிருந்துதான் எண்ணெய் எடுத்துச் சமைத்திருக்கிறாள். தங்கை பொய் சொல்கிறாளோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டே சமைத்திருக்கிறாள்.

கணவன் எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தான்.

"இதைக் காட்டினா உன் வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். அது இருக்கட்டும், நாலு பேருக்கு முன்னால நீ எப்படிப் பேசுவே? என்கிட்டயே நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுறே."

"அவளை நான் சந்தேகப்பட்டுட்டேன்."

"உன் தங்கச்சி பொய் சொல்ற ஆளா? பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு எனக்கு வெச்சிருந்த பிஸ்கெட்டைத் தின்னுட்டு, 'மாமா, நான்தான் தின்னேன்'னு அவளே வந்து சொன்னவடி." தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். "இப்படியே கொண்டுபோனா பஜ்ஜி மடிச்ச காகிதம்னு தூக்கிப் போட்டுடுவான். கொடு."

தாளுக்கு மேலும் கீழும் பழைய துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியை மெல்ல ஒற்றி எடுத்தான். துணி மாற்றி மாற்றி ஏழெட்டுத் தடவை. எண்ணெய் துணிக்கு ஏறியது. லேசான மஞ்சள் கறை நின்றது. கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் விசாரணை. குட்டி நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, பெரியவர்களுக்கு ஆசிரியர்கள் அறையிலிருந்து நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரில் குழந்தைகள் வரைந்த யானைகள். நடுவில் சுகாதார ஆய்வாளர். ஒரு பக்கம் தலைமை ஆசிரியையும் இரண்டு பெற்றோரும். எதிரே பண்ணை மேனேஜரும் எழுபத்திரண்டும். தங்கை ஓரத்தில் முக்காலியில் இருந்தாள். அக்கா வந்து பக்கத்தில் நின்றபோது அவள் நிமிரவில்லை.

"நீங்க யாரும்மா?" என்றார் மேனேஜர்.

பத்தொன்பது வருடம். தினமும் அவர் காரிலிருந்து இறங்கி நடந்துபோகும் ஈரத் தரையைத் துடைத்துவிட்டவள். தொப்பியும் முகத்துணியும் பூட்ஸும் இல்லாததால் ஆளைத் தெரியவில்லை.

"இவளோட அக்காங்க."

எழுபத்திரண்டுக்குத் தெரிந்துவிட்டது. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மேனேஜர் கோப்பைத் திறந்தார். சூடாக்கும் இயந்திரத்தின் தாள் உள்ளே இருந்தது, அப்பழுக்கில்லாத கோடு. "எழுபத்திமூணுக்குக் குறையவே இல்ல, பாருங்க. உங்க சோதனையிலயும் கிருமி இல்ல. எங்க கையைவிட்டுப் போனது நல்ல பால். அதுக்கப்புறம் இங்க என்ன ஆச்சோ, அது எங்க பொறுப்பு இல்ல."

"இந்தம்மா காய்ச்சலைங்கிறதுதான் தெளிவா இருக்கே" என்றார் எழுபத்திரண்டு. "காய்ச்சினேன்னு இன்னும் சாதிக்கிறாங்க. உண்மையைச் சொல்லிட்டா இவ்வளவு தூரம் வராது."

தங்கையின் முதுகு குலுங்கியது. அழுகைச் சத்தம் வரவில்லை. குழந்தை வாந்தி எடுத்தால் சமையல்காரியின் கை அழுக்கு. கோடு நேராக இருந்தால் பண்ணை சுத்தம். பூட்டிய பீரோ உள்ளவன் பேச்சு உண்மை; கரண்டி பிடித்தவள் பேச்சு சாதிப்பு.  இந்தத் தடவை அக்காவின் குரல் தொண்டையில் தங்கவில்லை.

"ஐயா, ஒரு டம்ளர் தண்ணியில உப்பைப் போட்டுக் கொதிக்க வெச்சா, உப்பு போயிடுமா?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"இது என்ன சமையல் வகுப்பா?" என்றார் எழுபத்திரண்டு.

"பேசட்டும் விடுங்க" என்றார் ஆய்வாளர். "போகாதும்மா. அதுக்கென்ன?"

"இந்தப் பால்ல கிருமி செத்துப்போச்சுங்க. அது கக்கின விஷம் உப்பு மாதிரி உள்ளயே இருந்துச்சு. எழுபத்திரண்டு வெச்சாலும் போகாது. என் தங்கச்சி மூணு தடவை பொங்க விட்டாலும் போகாது. அவ காய்ச்சினா. இவங்கதான் எட்டு மணி நேரம் பாலை வெயில்ல போட்ட மாதிரி போட்டு வெச்சிருந்தாங்க."

பையிலிருந்து தாளை எடுத்து ஆய்வாளர் முன்னால் விரித்தாள். ஓரம் சுருண்டது, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன இது, எண்ணெய்க் கறையோட?" என்றார் மேனேஜர். "நம்ம தாளா? இதை யார் கொடுத்தது உங்களுக்கு?"

"குப்பைத் தொட்டி கொடுத்துச்சு. நீங்க போடுறீங்க, நான் எடுக்கிறேன். பத்தொன்பது வருஷமா உங்க பச்சைப்பால் டேங்கைக் கழுவுறவ நான்தாங்க."

"சார், இதெல்லாம்…" எழுபத்திரண்டு எழுந்தார். "இது நம்ம தாள்தான்னு என்ன நிச்சயம்?"

"கீழ உங்க கையெழுத்து இருக்குங்க. வாலு நீளமா."

பெற்றோர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமில்லை என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டார். ஆய்வாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரலை ஆறு மணியில் வைத்து, வீங்கிய கோட்டின் மேல் நகர்த்தி, இரண்டு மணியில் நிறுத்தினார்.

"கம்ப்ரசர் நின்னதை ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க கேட்கல" என்றார் மேனேஜர்.

ஆய்வாளர் அந்தப் பதிலைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"விஷம் கிஷம்னு உனக்கு யார் சொன்னது?" எழுபத்திரண்டு அவள் பக்கம் திரும்பினார். "படிச்சவங்க யாரோ சொல்லிக்கொடுத்திருக்காங்க. யாரு?"

குழாய்ச் சத்தத்துக்குள் பேசிய பெண்ணின் முகம் அவள் கண்ணில் வந்துபோனது.

"என் மூக்கு சொல்லுச்சுங்க. அன்னைக்கே உங்ககிட்டயும் சொன்னேன். தனிச் சம்பளம் இல்லைன்னீங்க."

ஆய்வாளர் தாளைத் தன் பையில் வைத்துக்கொண்டு, சுகாதார அலுவலகத்தில் மிச்சமிருந்த பாக்கெட்டுகளை விஷச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். வெளியே வந்ததும் தங்கை கேட்டில் நின்றுவிட்டாள்.

"அப்போ என்கிட்ட அப்படிக் கேட்டியே?"

"கேட்டிருக்கக் கூடாது."

"இத்தனை நாளா எனக்கு அதுதான் பெரிசா இருந்துச்சு. வேலை போனதுகூட இல்ல."

"தெரியும். அடிக்கிறதுன்னா அடிச்சுடு."

தங்கை அவள் தோளில் ஒரு குத்து விட்டாள். நிஜமாகவே வலித்தது. அப்புறம் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. பாக்கெட்டுப் பாலில் விஷம் இருந்தது. அன்றைக்கு அதே பாலை வாங்கிய வீடுகளிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்கள் உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. அவரவர் வெளியே தின்ற எதன் மேலோ பழியைப் போட்டுவிட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பால் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காய்ச்சினோமே என்றுதான் அவர்களும் சொல்லியிருப்பார்கள்.

இன்றைய நிலவரம் இது. ஆஸ்பத்திரியில் இருந்த குழந்தை தேறிவிட்டது, பள்ளிக்கு வருகிறது, பால் மட்டும் குடிப்பதில்லை. தங்கைக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அவளுக்கு வந்த கடிதத்தில் 'குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை' என்று இருக்கிறது. 'அவர் பாலைக் காய்ச்சினார்' என்று எழுதித்தரச் சொல்லி அக்காவும் தங்கையும் கேட்டார்கள், எழுதவில்லை. நகங்களைப் பிடித்துக் காட்டிய அம்மா இன்னும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பண்ணை அபராதம் கட்டிவிட்டு மறுநாளே வழக்கம்போலப் பால் அனுப்பியது. எழுபத்திரண்டு வேறொரு பெரிய பண்ணைக்கு மாற்றலாகிப் போனார். அங்கே அவருக்குத் தனி அறை என்கிறார்கள். அக்காவை வேலையைவிட்டு அனுப்பவில்லை, அனுப்பினால் பேச்சு வரும். டேங்கிலிருந்து எடுத்து, பின்முற்றத்து வெயிலில் காலிப் பால் பெட்டிகளைக் கழுவப் போட்டிருக்கிறார்கள். டேங்கின் ரப்பர் வளையத்தை இப்போது யார் மடக்கிப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பச்சைப்பால் டேங்கின் தாளும் கோப்பில் ஏறுகிறது. அவள் வீட்டு அலமாரியில் இப்போது பழைய செய்தித்தாள் விரித்திருக்கிறது. பாக்கெட்டை வெட்டியதும் இன்னமும் முகர்ந்து பார்க்கிறாள். அந்த விஷத்துக்கு வாசனை கிடையாது என்று பரிசோதனைக் கூடத்துப் பெண் சொல்லியிருக்கிறாள். தெரிந்தும் முகர்கிறாள். கணவன் இப்போது கிண்டல் செய்வதில்லை.